பலவீனத்தை மறைக்காமல் தேவ பலத்தைப் பெறுவது: ஒரு முழுமையான வழிகாட்டி

ரங்கூனில் ஞாயிறு ஆராதனை முடிந்து சபை வாசலில் கைகொடுக்கும்போது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஸ்தோத்திரம், கர்த்தர் நல்லா வெச்சிருக்கார்" என்றுதான் பதில் வரும். வீட்டில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. தாய்லாந்துக்கு வேலைக்குப் போன மகனிடமிருந்து போன் இல்லை. சர்க்கரை ஏறி, காலில் புண் ஆறவில்லை. ஆனாலும் பதில் அதுதான். பொய் என்று சொல்ல மாட்டேன். கர்த்தர் நல்லவர் என்பது மெய்தானே. ஆனால் அந்த வரி வந்த பிறகு கேட்டவரும் மேலே கேட்க மாட்டார், சொன்னவரும் மேலே சொல்ல மாட்டார்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் விசுவாசம் மட்டும் இல்லை. 1942-ல் பர்மாவுக்குள் ஜப்பான் படை வந்தபோது எங்கள் தமிழ் ஆட்கள் எத்தனையோ பேர் காடும் மலையும் தாண்டி நடந்தே இந்தியாவுக்குப் போனார்கள். 1964-ல் கடை கண்ணியெல்லாம் அரசுடைமையானபோது இன்னும் எத்தனையோ பேர் கப்பல் ஏறினார்கள். மிஞ்சி நின்றவர்களின் பிள்ளைகள் நாங்கள். தலையைத் தாழ்த்தி, வாயை மூடி, கஷ்டத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது தாத்தா காலத்துப் பாடம். தெருவில் அது உதவியது. அதையே சபைக்குள்ளும் ஜெபத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டோம், அங்கேதான் சிக்கல்.

பலவீனத்தில் தேவன் பலம் தருகிறார் என்று எல்லாரும் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அந்தப் பலம் எந்த வழியாக வருகிறது என்பதைத்தான் யாரும் அதிகம் சொல்வதில்லை. வேதத்திலும் பர்மா சபைகளின் சரித்திரத்திலும் நான் பார்த்தவரை, அது பெரும்பாலும் "என்னால் முடியவில்லை" என்று வாய் திறந்தவருக்கு, இன்னொரு மனுஷருடைய கை வழியாக வருகிறது. கஷ்டத்தை மூடி வைத்திருப்பவரிடம் அந்தக் கை வந்து சேர வழி கிடையாது. கீழே இருப்பது அதற்கான படிகள். வரிசையாகப் போவது நல்லது. ஆனால் உடம்பு மிகவும் முடியாமல் இருப்பவர்கள் நான்காம் படியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

படி 1: வசனத்தை அதன் இடத்தில் வைத்துப் படியுங்கள்

"என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்." 2 கொரிந்தியர் 12:9. காலண்டரில், கண்ணாடிச் சட்டத்தில், கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் இருக்கிற வசனம். அதை மட்டும் தனியாக எடுக்காமல் 11-ம் அதிகாரம் 16-ம் வசனத்திலிருந்து 12:10 வரை ஒரே மூச்சில் சத்தமாக வாசியுங்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

வாசிக்கும்போது சூழ்நிலையை மனதில் வையுங்கள். கொரிந்து சபையில் பேச்சுத் திறமையும் ஆளுமையும் உள்ள சில பிரசங்கிமார் வந்து ஜனங்களை மயக்கிவிட்டார்கள். இந்தக் கடிதத்தை எழுதிய பவுலைப்பற்றி, "கடிதம் பலமாகத்தான் எழுதுகிறான், நேரில் பார்த்தால் ஆளும் பலவீனம், பேச்சும் அற்பம்" என்று பேசிக்கொண்டார்கள் (10:10). சரி, மேன்மைபாராட்டத்தானே வேண்டும் என்று பவுலும் ஒரு பட்டியல் போடுகிறார். யூதரிடம் ஐந்து முறை ஒன்று குறைய நாற்பது அடி, மூன்று முறை மிலாறடி (பிரம்படி), ஒரு முறை கல்லெறி, மூன்று முறை கப்பற்சேதம். இதெல்லாம் வீரக்கதை மாதிரி ஏறிக்கொண்டே போய் எங்கே முடிகிறது தெரியுமா? தமஸ்குவில் தன்னைப் பிடிக்க ஆள் காவல் நின்றபோது, மதிலில் இருந்த ஜன்னல் வழியாக, கூடையில் வைத்து இறக்கிவிடப்பட்டேன் என்கிறார். ரோமப் படையில் எதிரியின் மதில்மேல் முதலில் ஏறுகிற வீரனுக்குக் கிரீடம் கொடுப்பார்கள். பவுல் சொல்லிக்கொள்வதோ மதிலிலிருந்து கூடையில் இறங்கிய கதை. அதுவும் தானாக இறங்கவில்லை, மற்றவர்கள் கயிற்றைப் பிடித்தார்கள்.

அதற்கு அப்புறம்தான் முள் வருகிறது, தன் மாம்சத்தில் ஒரு முள், அதாவது விடாத ஒரு வேதனை, இருக்கிறது என்கிறார் (12:7). இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முள் என்னவென்று பவுல் சொல்லவில்லை. கண் நோய், விஷக்காய்ச்சல், எதிரிகளின் தொல்லை என்று ஆளாளுக்கு ஊகிக்கிறார்கள். சொல்லாமல் விட்டதே நல்லது என்பேன். சொல்லியிருந்தால் அந்த நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இந்த வசனம் சொந்தமாகியிருக்கும்.

அந்த முள் "கொடுக்கப்பட்டது" என்கிறார், அதையே "சாத்தானின் தூதன்" என்றும் சொல்கிறார். ஒரே வாக்கியத்தில் இரண்டும். ஆகவே வியாதிக்காரர் கட்டில் பக்கத்தில் நின்று இது தேவ சித்தமா, பிசாசின் கிரியையா என்று தீர்ப்பு எழுதுகிற வேலை நமக்கு வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம். அந்தப் பதில் பவுலுக்குக் கர்த்தரிடமிருந்து நேரடியாக வந்தது. மூன்று தரம் "இதை எடுத்துப்போடும்" என்று கெஞ்சிய பிறகு வந்தது. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு சகோதரர் தோளைத் தட்டி "கிருபை போதும் பிரதர்" என்று சொல்லவில்லை. நாம் இந்த வசனத்தை அதிகம் பயன்படுத்துவது இன்னொருவரின் அழுகையைச் சீக்கிரம் முடித்துவைக்கத்தான். நீங்கள் உங்களுக்காகக் கேளுங்கள். அடுத்தவருக்குப் பதிலாக எடுத்துக் கொடுக்காதீர்கள்.

படி 2: எது பலவீனம், எது பாவம், எது அநியாயம்

ஒரு தாளில் உங்கள் பாரங்களை எழுதி மூன்றாகப் பிரியுங்கள்.

வியாதி, முதுமை, வறுமை, துக்கம், பயம், படிப்பில்லாமை, பாஷை சரியாக வராத கூச்சம் எல்லாம் பலவீனங்கள். இவற்றுக்காக வெட்கப்பட ஒன்றுமில்லை, மன்னிப்புக் கேட்கவும் ஒன்றுமில்லை. குடி, வட்டி வாங்கி அடுத்தவனை நசுக்குவது, பொய்க்கணக்கு எல்லாம் பாவங்கள். "என் பலவீனம் அண்ணே" என்று சொல்லி இவற்றைத் தப்பவிடக் கூடாது, மனந்திரும்பத்தான் வேண்டும்.

மூன்றாவது வகையைத்தான் சபைகள் கவனிப்பதில்லை. புருஷன் அடிக்கிறான், முதலாளி சம்பளத்தை அமுக்கிவிட்டான், சொந்தக்காரன் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டான். இது உங்கள் பலவீனம் இல்லை, அடுத்தவர் செய்கிற அநியாயம். அடி வாங்குகிற அக்காவிடம் "இது உங்க முள், தாங்கிக்கங்க" என்று சொல்வது வசனத்தைத் திரிப்பது. பலவீனங்களில் பிரியப்படுகிறேன் என்று எழுதிய அதே பவுல் தமஸ்குவிலிருந்து தப்பித்து ஓடினார். எருசலேமில் வாரினால் கட்டி அடிக்கப் போனபோது, ரோமனை விசாரணை இல்லாமல் அடிக்க உங்களுக்கு நியாயம் உண்டா என்று கேட்டார் (அப்போஸ்தலர் 22:25). தப்பிக்க வழி இருந்தால் தப்பியுங்கள். ஒரு பாதுகாப்பான வீட்டையும் நம்பிக்கையான ஒரு ஆளையும் முதலில் தேடுங்கள், தியானம் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு செய்யலாம்.

படி 3: தேவனிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

எங்கள் ஜெபங்கள் பெரும்பாலும் ஸ்தோத்திரத்தில் ஆரம்பித்து ஸ்தோத்திரத்தில் முடியும். நல்லதுதான். ஆனால் சங்கீதப் புத்தகத்தில் புலம்பல் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 13-ம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்றுதான் ஆரம்பிக்கிறது. 88-ம் சங்கீதம் இன்னும் கடினம். முடிவில்கூட வெளிச்சம் இல்லை. சிநேகிதரெல்லாம் தூரமாகிவிட்டார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள், ஆராதனையில் பாடவும் செய்தார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். காலையிலோ, கரண்ட் போய் வீடு அமைதியாக இருக்கிற நேரத்திலோ உட்கார்ந்து, ஒரு நோட்டில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். "ஆண்டவரே, எனக்கு ... முடியவில்லை." அல்லது "எனக்கு ... பயமாக இருக்கிறது." பொதுவாக "என் பாரங்கள்" என்று எழுதாதீர்கள். "ராத்திரி கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது", "அம்மாவைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல் வருகிறது" என்கிற அளவுக்கு எழுதுங்கள். அப்புறம் அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லி ஜெபியுங்கள். அழுகை எந்தப் பாஷையில் வருகிறதோ அந்தப் பாஷையில் ஜெபியுங்கள். எங்கள் வாலிபப் பிள்ளைகளுக்குப் பர்மிய மொழியில்தான் மனசு பேசும். பெரியவர்கள் அதற்காகக் கோபிக்க வேண்டாம்.

வார்த்தையே வராத நாட்களும் உண்டு. அதற்கு ரோமர் 8:26 இருக்கிறது. ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார். அந்த நாட்களில் நோட்டைத் திறந்து தேதியை மட்டும் போட்டு மூடினால் போதும்.

படி 4: உடம்பைக் கவனியுங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1 இராஜாக்கள் 19-ல் எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தேவன் அப்போது பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கினான், மறுபடியும் சாப்பாடு. பேச்செல்லாம் அதற்குப் பிறகு, ஓரேப் மலையில்தான்.

ஆகவே தூக்கம், சாப்பாடு, மருந்து இவற்றை அவிசுவாசத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் சொன்னது கொஞ்சம் திராட்சரசம் (1 தீமோத்தேயு 5:23), அந்தக் காலத்து வைத்தியம். சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம். பிரஷர் மாத்திரையை "விசுவாசத்தில்" நிறுத்த வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

படி 5: அடுத்தவர் கையிலிருந்து வாங்கப் பழகுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பர்மாவில் இருக்கிற எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அதோனிராம் ஜட்சனைவிட நல்ல ஆள் கிடையாது. ரங்கூன் யூனிவர்சிட்டி வளாகத்தில் அவர் பெயரில் கோயில் இருக்கிறது, எங்கள் பிள்ளைகள் படிக்கிற பர்மிய வேதாகமம் அவருடைய மொழிபெயர்ப்பு. பெயர் எல்லாருக்கும் தெரியும், பெரிய மிஷனரி, ஆறு வருஷம் காத்திருந்து 1819-ல் முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். ஞாயிறு பள்ளியில் இத்தோடு நிறுத்திவிடுவோம்.

ஆனால் அவுங்பின்லே சிறைக்குப் போன வழியிலும் அங்கேயும் நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. 1824-ல் ஆங்கிலேயருக்கும் பர்மிய அரசருக்கும் போர் வந்தபோது, வெள்ளைக்காரரெல்லாம் உளவாளிகள் என்ற சந்தேகத்தில், ஜூன் 8-ந் தேதி ஆவாவில் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். ராத்திரி ஆனால் கைதிகளின் விலங்கிட்ட கால்களுக்கு நடுவே மூங்கிலைச் செருகி, காலை மேலே தூக்கிக் கட்டிவிடுவார்கள், தோளும் தலையும் மட்டும் தரையில் படும். 1825 மே மாதம், கொதிக்கிற வெயிலில், செருப்பில்லாமல் அமரபுரா பக்கம் நடத்திக்கொண்டு போனார்கள். பாதம் கொப்பளித்துத் தோல் உரிந்து, ஓர் அடிகூட வைக்க முடியாத நிலை. அப்போது கூடச் சிறைப்பட்டிருந்த ஒரு ஆங்கிலேய வியாபாரியின் வங்காளி வேலைக்காரன் ஓடி வந்தான். தன் தலைப்பாகையைக் கழற்றி இரண்டாகக் கிழித்து, பாதியை எஜமானுக்கும் பாதியை ஜட்சனுக்கும் கொடுத்தான். அதைக் காலில் சுற்றிக்கொண்டு, அவன் தோளில் சாய்ந்து, மிச்ச தூரத்தைக் கிட்டத்தட்ட அவன் சுமந்துபோனபடியே ஜட்சன் கடந்தார். நம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு வேலைக்காரன், அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அவுங்பின்லே சிறைக்குப் போன பிறகு அவர் மனைவி ஆன், கைக்குழந்தை மரியாவோடு பின்னாலேயே வந்து சேர்ந்தார். சீக்கிரமே கடும் நோயில் விழுந்தார், பால் வற்றிப்போனது. ஊரில் பால் கிடைக்கவில்லை, குழந்தை ராத்திரியெல்லாம் பசியில் அழுதது. காவலாளிகளுக்குக் காசு கொடுத்துக் கெஞ்சி, ஜட்சனைக் கொஞ்ச நேரம் வெளியே விட அனுமதி வாங்கினார்கள். அவர் அந்த எலும்பும் தோலுமான குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கைப்பிள்ளைக்காரிகள் இருக்கிற வீடு வீடாகப் போய், "கொஞ்சம் பால் கொடுங்கள்" என்று கேட்டார். அந்தக் காலத்தில் அவர்களுக்குச் சமைத்துப் போட்டவனும் ஒரு வங்காளிதான், சம்பளமும் பார்க்கவில்லை, சாதியும் பார்க்கவில்லை.

பர்மியருக்குக் கொடுக்க வந்தவர் பர்மியத் தாய்மாரிடம் வாங்கினார். அந்தத் தாய்மார் கிறிஸ்தவர்கள் இல்லை. தேவன் அவருக்கு அன்றைக்கு வைத்திருந்த கிருபை வானத்திலிருந்து மன்னாவாக விழவில்லை, அடுத்த வீட்டுத் திண்ணையில் இருந்தது. கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலையில் அவரை நிறுத்தியிருந்தார். "கிருபை போதும்" என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வியாக்கியானம் இதுதான்.

சரி, நாம் எப்படிச் செய்வது? சபை முழுவதற்கும் மைக் பிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். வாயைக் கட்டுகிறவராக இருக்க வேண்டும், இது முதல் தகுதி. கேட்ட உடனே அறிவுரை சொல்லாதவராக இருந்தால் இன்னும் நல்லது. ஆண்கள் ஆண்களிடமும் பெண்கள் பெண்களிடமும் பேசுவது எங்கள் சபைகளில் எளிது. போதகர் ஐயாவிடம்தான் போக வேண்டும் என்று இல்லை, சில விஷயங்களைப் பக்கத்து பெஞ்சு அக்காவிடம் சொல்வதே லேசு.

சொல்லும்போது "ஜெபத்துல நினைச்சுக்குங்க" என்று மட்டும் முடிக்காதீர்கள். குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள். "புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றீங்களா?" "என் பையனுக்குப் போன் போட்டு நீங்க ஒரு தடவை பேசுறீங்களா?" "இந்த மாசம் அரிசிக்குக் குறையுது." இப்படிக் கேட்க நாக்கு கூசும். தெரியும். கொடுக்கிறவராகவே இருந்து பழகியவர்களுக்கு இன்னும் அதிகம் கூசும். சபை மூப்பர்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், போதகர்களின் மனைவிமார், இவர்கள்தான் கடைசியில் கேட்பார்கள், பலர் கேட்பதே இல்லை.

ரங்கூன் பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது, குறுகலான படிக்கட்டுதான். அதனால் மாடி வீடுகளிலிருந்து தெருவரைக்கும் கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. கீழேயிருந்து இழுத்தால் மணி அடிக்கும், பேப்பரோ காய்கறியோ மாட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்வார்கள். எங்கள் சபையில் முட்டி தேய்ந்துபோய் மேல்மாடியைவிட்டு இறங்க முடியாத அம்மா ஒருவர் இருக்கிறார். ரொம்ப நாள் "நான் வீட்டிலேயே ஜெபிச்சுக்கிறேன், என்னைப்பத்திக் கவலைப்படாதீங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பார்க்கப் போன ஒரு சகோதரியிடம் ஒருநாள், "ராத்திரி தனியா இருக்கப் பயமா இருக்கும்மா, விழுந்துட்டா யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். இப்போது வாலிபப் பையன்கள் வேலை முடிந்து போகிற வழியில் அந்த மணியை இழுத்துவிட்டுப் போகிறார்கள். மாத்திரை, சபை அறிவிப்புத் தாள், சில நாள் மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) பொட்டலம், எல்லாம் கிளிப்பில் மேலே போகும். அம்மா திருப்பி இறக்குவது மாங்காய் ஊறுகாயும் ஒரு துண்டுச் சீட்டும், இந்த வாரம் யார் யாருக்காக ஜெபித்தேன் என்று அதில் எழுதியிருக்கும். பையன்களில் பாதிப்பேருக்குத் தமிழ் வாசிக்க வராது, கீழே தெருவில் நின்று யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். தன் பெயர் வருகிறதா என்று பார்க்கத்தான்.

படி 6: பலம் வரும்வரை காத்திராமல் சின்ன வேலையைச் செய்யுங்கள்

"கொஞ்சம் சரியானதும் ஊழியம் செய்கிறேன்" என்று நினைப்பதுண்டு. சரியாகாமலும் போகலாம். கையில் இருக்கிற சின்ன வேலையை இப்போதே எடுங்கள்.

ஜட்சனுக்கே விடுதலைக்குப் பிறகுதான் பெரிய இருள் வந்தது. 1826 அக்டோபரில் ஆன் இறந்தார், அடுத்த ஏப்ரலில் குழந்தை மரியாவும் போய்விட்டாள். மோல்மேன் பக்கத்துக் காட்டில் குடிசை போட்டுத் தனியாக இருந்தார், தனக்கு ஒரு குழி வெட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் கண்டடைய முடியவில்லை என்ற பொருளில் 1829-ல் எழுதினார். மிஷனரியின் வாயில் வருகிற பேச்சா இது என்று யாராவது கேட்டால் 88-ம் சங்கீதத்தைக் காட்டுங்கள். ஒரே நாளில் அவர் மாறிவிடவில்லை. 1830-ல் ப்ரோமுக்குப் போய்ப் பிரசங்கித்தார், அப்புறம் ரங்கூனில் அறைக்குள் உட்கார்ந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். ஒரு வசனம், அடுத்த வசனம். 1834 ஜனவரி கடைசியில் வேதாகமம் முழுவதும் முடிந்தது. எங்கள் வாலிபர் கூட்டத்தில் திறக்கிற பர்மிய வேதாகமத்தில் அந்த இருண்ட நாட்களின் உழைப்பும் இருக்கிறது.

இன்னொருவர் ஜார்ஜ் போர்ட்மன், தவாயில் ஊழியம் செய்தவர். காசநோய் முற்றி, எழுந்து நிற்க முடியாத நிலையில், கரேன் இன விசுவாசிகள் 1831-ல் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு தங்கள் கிராமத்துக்குப் போனார்கள். அங்கே 34 பேருக்கு ஞானஸ்நானம். கொடுத்தது போர்ட்மன் இல்லை, புதிதாக வந்த மிஷனரி மேசன். போர்ட்மன் கட்டிலில் படுத்தபடி பார்த்தார், திரும்பி வருகிற வழியில் இறந்துபோனார். தன் வேலையை இன்னொருவர் கையில் விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஊழியம்தான். எங்கள் பெரியவர்கள் சிலருக்கு இது மூன்று தரம் ஜெபிப்பதைவிடக் கடினம், பேர் சொல்லவில்லை.

படுக்கையில் இருப்பவர் ஜெபச் சீட்டு எழுதலாம், போனில் ஒரு பிள்ளைக்கு வசனம் சொல்லிக்கொடுக்கலாம். துக்கத்தில் இருப்பவர் கோயில் விளக்கைத் துடைக்கலாம், பேச வேண்டியதே இல்லை. பேச்சுத் திக்குகிறவர் டீ ஊற்றலாம். பெரிய வேலை தேடாதீர்கள். ஒன்று போதும், அதைத் தொடர்ந்து செய்யுங்கள்.

படி 7: முள் போகாவிட்டால்

ஜெபித்தும் போகாத முள் உண்டு என்று சபையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பவுலின் உறுமால்களை (கைக்குட்டைகளை) வியாதிக்காரர்மேல் போட்டாலே சுகமானது (அப்போஸ்தலர் 19:12). அதே பவுல் கடைசிக் கடிதத்தில், தன்கூடப் பயணம் செய்த துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று ஒரு வரி எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). விளக்கம் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவு என்றும் எழுதவில்லை. போனில் வருகிற அற்புதப் பிரசங்கங்களைப் பார்த்துவிட்டுத் தங்களையே குற்றம் சாட்டிக்கொள்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த வசனத்தைத்தான்.

அப்படியானால் பலம் வந்தது என்று எப்படித் தெரியும்? உணர்ச்சியில் தேடினால் ஏமாறுவீர்கள். நோட்டைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு முன் எழுதிய அதே பயம் இன்னும் இருக்கும், ஆனால் இப்போது அது ஒரு ஆளுக்குத் தெரியும். அடுத்தவர் கஷ்டம் சொல்லும்போது இடையில் வெட்டாமல் கேட்கிறீர்கள். கொடுத்ததை எண்ணுவது குறைகிறது. "எப்படி இருக்கீங்க" என்றால் எப்போதாவது உண்மையைச் சொல்கிறீர்கள். இவையெல்லாம் அடையாளங்கள், மெதுவாகத்தான் வரும். சில மாதம் ஒன்றுமே தெரியாது. அந்த மாதங்களில் ஐந்தாம் படியை மட்டும் விடாதீர்கள்.

வீட்டுக்கூட்டம் நடத்துகிறவர்களுக்கு

தனி ஆள் எவ்வளவு முயன்றாலும் கூட்டத்தில் இடம் இல்லையென்றால் மறுபடியும் வாய் மூடிக்கொள்ளும். சாட்சி நேரத்தில் "இன்னும் பதில் கிடைக்காத ஜெபம் இருக்கிறவர்கள் சொல்லலாம்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். முதல் சில வாரம் யாரும் பேச மாட்டார்கள். நடத்துகிறவர் தன்னுடையதை முதலில் சொன்னால் பேசுவார்கள். சொன்ன உடனே யாராவது வசனம் எடுத்து வீச ஆரம்பிப்பார்கள், மரியாதையாகத் தடுத்து, "ஐயா, முதல்ல அவங்க முடிக்கட்டும்" என்று சொல்லுங்கள். அங்கே கேட்டது வெளியே போகக் கூடாது என்பதை ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள். குறிப்பாகப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், எந்த வழியாகப் போனார்கள் என்பது போன்ற விவரங்களைக் கூட்டத்தில் கேட்கவே கேட்காதீர்கள், சபையின் சாட் குரூப்பிலும் போடாதீர்கள். பெயர் சொல்லாமலே ஜெபிக்கலாம், கர்த்தருக்கு விலாசம் தெரியும்.

ஜெபித்து முடித்த கையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு உங்ககூட யார் வர்றாங்க?" யாரும் இல்லை என்று பதில் வந்தால், ஆமென் சொன்னவர்களில் ஒருவர் பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போக வேண்டும்.